ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே: எங்கள் வாசிகசாலையில் திரையிடத் தகுந்த படமா?

வினவியவர்: நல்லூர் வாசகி

மன்ற அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வாசிகசாலையில் மாதம் ஒருமுறை பழைய படமொன்றைத் திரையிட்டு, முடிந்தபின் தேநீர் குடித்தபடி அதைப் பற்றிப் பேசுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பல்கலைக்கழகத்தில் ஊடகக்கற்கை பயிலும் மாணவர்களும், அயலில் உள்ள பெரியவர்கள் சிலரும் வருகிறார்கள். பத்திரிகைத் தொழிலைப் பற்றிய படம் ஒன்று வேண்டுமென்று மாணவர்கள் கேட்டதனால், ஹவாட் ஹோக்ஸ் இயக்கி 1940ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட "ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே" படத்தைத் தெரிவு செய்திருக்கிறேன். தெரிவு செய்த பிறகுதான் தயக்கம் வந்தது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வோல்டர் பேர்ன்ஸ் (கேரி கிராண்ட்) ஒரு நாளிதழின் ஆசிரியர். அவரிடம் நிருபராக இருந்தவரும் அவரை மணந்து விவாகரத்துப் பெற்றவருமான ஹில்டி ஜோன்சன் (ரொசலின்ட் ரசல்), தொழிலை விட்டுவிட்டு அல்பனி நகரத்துக் காப்புறுதி முகவர் ஒருவரை மணக்கப் போவதாகச் சொல்லி விடைபெற வருகிறாள். அவளைப் போகவிடாமல் தடுக்க பேர்ன்ஸ் செய்யும் சூழ்ச்சிகள்தான் நகைச்சுவை. மாப்பிள்ளையாகப் போகிற அப்பாவி புரூஸ் ஒரே நாளில் திரும்பத் திரும்பச் சிறைக்கு அனுப்பப்படுகிறான். அவனுடைய தாயார் தூக்கிச் செல்லப்படுகிறார். இவ்வளவும் நடக்கும்போது, காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற ஏர்ல் வில்லியம்ஸ் என்ற மனிதன் மறுநாட் காலை தூக்கிலிடப்படுவதற்காகக் காத்திருக்கிறான். நகரபிதாவுக்கும் ஷெரிப்புக்கும் தேர்தல் நெருங்குவதனால் அந்தத் தூக்கு அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. நிருபர்களுக்கோ அது ஒரு செய்தி.

என் தயக்கத்திற்குக் காரணங்கள் உள்ளன. பாத்திரங்கள் ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேசுகிறார்கள். ஆங்கிலம் நன்கு தெரிந்த எங்கள் பழைய ஆசிரியர்களுக்கே அந்த வேகம் கடினமாக இருக்கும். தமிழில் உபதலைப்பு இடலாம் என்று தொடங்கியபோது, ஒரு வரியை வாசித்து முடிக்குமுன் நான்கு வரி கடந்து போய்விடுகிறது. அது தொழில்நுட்பச் சிக்கல், எப்படியும் சமாளிக்கலாம். மற்றது அவ்வளவு எளிதானதன்று. 1981 யூன் மாதத்தின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு "ஈழநாடு" நாளிதழின் பணிமனையும் எரிக்கப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஊரடங்கு வேளையில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜனை நேரில் அறிந்தவர்களும் வருவார்கள். நிருபர்கள் எல்லோரும் பொய்யர்கள், சூதாடிகள், பிறர் துன்பத்தில் குளிர் காய்பவர்கள் என்று காட்டும் ஒரு படத்தை இவர்கள் முன்னிலையில் போட்டு, "சிரியுங்கள்" என்று சொல்வது முறையா? இது பத்திரிகைத் தொழிலுக்கு ஆதரவான படமா, எதிரான படமா என்பதே எனக்குத் தெளிவாகவில்லை. பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

மறுமொழி: பழைய ஒப்புநோக்காளர்

தங்கச்சி, தாராளமாகத் திரையிடுங்கள். பத்திரிகைக் காரியாலயத்தில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்தப் படத்தைப் பார்த்து முதலில் சிரிக்கப் போகிறவர்கள் பத்திரிகைக்காரர்கள்தாம்.

முதலில் இதன் மூலத்தைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். "த ஃபிரன்ட் பேஜ்" என்ற மேடை நாடகத்திலிருந்து எடுக்கப்பட்ட படம் இது. 1928ஆம் ஆண்டு நியூயோர்க்கில் அரங்கேறிய அந்த நாடகத்தை எழுதிய பென் ஹெக்ட், சார்ல்ஸ் மக்கார்தர் ஆகிய இருவருமே சிக்காகோ நகரத்தில் நிருபர்களாக வேலை பார்த்தவர்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் தொழிலைப் பழித்து எழுதியதன்று. உள்ளே இருந்து, அந்தப் புகையையும் அந்தச் சீட்டாட்டத்தையும் அந்தத் தொலைபேசி இரைச்சலையும் விரும்பியவர்கள் எழுதியது. ஆசிரியர் பேர்ன்ஸ், ஹேர்ஸ்ட் குழுமப் பத்திரிகைகளில் பேர்பெற்றிருந்த வோல்டர் ஹோவி என்பவரை மனத்தில் வைத்துப் படைக்கப்பட்டவர். நாடகத்தில் ஹில்டி ஓர் ஆண் நிருபர். ஹோக்ஸ்தான் அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாக்கினார். 1931இல் லூயிஸ் மைல்ஸ்ரன் இயக்கிய முதற்படத்திலும், 1974இல் பில்லி வைல்டர் இயக்கி ஜக் லெமனும் வோல்டர் மத்தாவும் நடித்த படத்திலும் ஹில்டி ஆணாகவே இருக்கிறார். இந்த மூன்றிலும் 1940ஆம் ஆண்டுப் படமே நிலைத்தது என்பது என் கணிப்பு. வைல்டரின் படத்தில் கெட்ட வார்த்தைகள் கூடியிருக்கின்றன, வேகம் குறைந்திருக்கிறது.

இனி உங்கள் தயக்கத்திற்கு வருகிறேன். குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்தில் நிருபர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அறை ஒன்று இருக்கிறது. படத்தின் பெரும்பகுதி அந்த அறைக்குள்தான் நடக்கிறது. ஒரே மேசையைச் சுற்றிப் பல பத்திரிகைகளின் நிருபர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி. வில்லியம்ஸ் பிடிபடும் கட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். சுருள்மூடி போட்ட பெரிய எழுதுமேசை ஒன்றுக்குள் ஒளிந்திருந்த அந்த மனிதன், எழுந்து நிற்கவும் வலுவில்லாமல், சுட்டுவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டு அகப்படுகிறான். அடுத்த நொடியே ஒவ்வொரு நிருபரும் தத்தம் தொலைபேசியை எடுத்துத் தம் பத்திரிகைக்குச் செய்தி சொல்கிறார். ஒருவர் அவன் மயங்கிக் கிடந்தான் என்கிறார். இன்னொருவர் கடுமையாகப் போராடினான் என்கிறார். மற்றொருவர் துப்பாக்கியால் சுட முயன்றான் என்கிறார். நாம் எல்லாவற்றையும் கண்ணால் கண்ட அரை நிமிடத்திற்குள், ஒரே அறையில், ஒரே நிகழ்ச்சி பல பொய்களாகிறது. செய்தி எப்படிக் கெடுகிறது என்பதை விளக்க ஊடகக்கற்கை விரிவுரைகள் பல எடுக்கும். இந்தக் காட்சி அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறது.

முதற்பக்கம் எப்படி அமைகிறது என்பதையும் இதே படம் காட்டுகிறது. வில்லியம்ஸ் கைக்குள் இருக்கிறான் என்று தெரிந்ததும் பேர்ன்ஸ் தொலைபேசியில் முழு முதற்பக்கத்தையும் கலைக்கச் சொல்கிறார். ஐரோப்பிய யுத்தம் போகட்டும், சீனத்து நிலநடுக்கம் போகட்டும், ஹிட்லரைச் சிரிப்புப் பக்கத்தில் போடுங்கள் என்கிறார். சேவல் பற்றிய செய்தியை மட்டும் எடுக்க வேண்டாம், அது மக்கள் விரும்பும் செய்தி என்கிறார். ஹில்டி தட்டச்சில் அடித்த செய்தியை எட்டிப் பார்த்துவிட்டு, நம் பத்திரிகையின் பெயர் எங்கே என்று கேட்கிறார். இரண்டாம் பந்தியில் இருக்கிறது என்கிறாள் அவள். இரண்டாம் பந்தியை யார் வாசிக்கப் போகிறார்கள் என்பது அவருடைய பதில். எந்த ஆசிரியர்பீடத்திலும் இந்த உரையாடல் வேறு சொற்களில் நடந்திருக்கும். 1841இல் "உதயதாரகை" தொடங்கிய காலத்திலிருந்து பத்திரிகை நடத்திவரும் ஊர் இது; எங்கள் தொழிலின் பலவீனங்களைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு நாங்கள் வயது வந்தவர்கள்.

ஆனால் படம் நிருபர்களை மட்டுமா கேலி செய்கிறது? ஆளுநர் வில்லியம்சின் தண்டனையை நிறுத்தி அனுப்பிய ஆணை நகரபிதாவின் கைக்கு வருகிறது. கொண்டுவந்த தூதனுக்கு நகரசபையில் ஒரு பதவி தருவதாகச் சொல்லி, ஆணையைக் கையளிக்கவே இல்லை என்று சொல்லிவிடும்படி அனுப்பிவிடுகிறார்கள். தப்பி ஓடியவனைக் கண்ட இடத்தில் சுடும்படி உத்தரவு போகிறது. ஒரு மனிதனைக் கொன்றால் எத்தனை வாக்குக் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிற அதிகாரத்துக்கு முன்னால், சீட்டாடிப் பொய் சொல்லும் நிருபர்கள் எவ்வளவோ மேல். உங்கள் முன்வரிசைப் பெரியவர்களுக்கு அந்தக் கட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பத்திரிகையாளன் அயோக்கியனாக இருந்தும் அவன் அந்த அறையில் இருப்பதனால்தான் ஆணையை மறைக்க முடியாமற் போகிறது. ஆகவே இது பத்திரிகைக்கு ஆதரவான படம் என்றே நான் கொள்கிறேன்.

மறுமொழி: பலாலி வீதி

பழைய ஒப்புநோக்காளர் ஐயாவின் விளக்கத்தை மிகவும் விரும்பி வாசித்தேன். தொலைபேசிக் காட்சி பற்றி அவர் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். ஆயினும் அவருடைய கடைசி முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை. நானும் செய்தி எழுதிச் சம்பளம் வாங்குகிறவள்தான்; அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஐயா, ஆணையை மறைக்க முடியாமற் போனது பத்திரிகையாளர்களாலா? படத்தை மறுபடியும் பாருங்கள். பேர்ன்சும் ஹில்டியும் வில்லியம்சை மேசைக்குள் ஒளித்து வைத்தது அவன் உயிரைக் காப்பதற்கன்று. மற்றப் பத்திரிகைகளுக்கு முன் தாம் செய்தி வெளியிடுவதற்கு. அவன் பிடிபட்டபின் குற்றவாளியை ஒளித்தார்கள் என்று இருவருக்கும் விலங்கு மாட்டப்படுகிறது. அவர்களிடம் அப்போது எந்தச் சான்றும் இல்லை. அந்த நேரத்தில் உள்ளே வருகிறான் ஜோ பெட்டிபோன். ஆளுநரிடமிருந்து ஆணை கொண்டுவந்த அதே தூதன், குடையும் கையுமாகத் தடுமாறித் திரிகிற ஒரு சிறு ஊழியன். தனக்கு அந்தப் பதவி வேண்டாம், தன்னை விலைக்கு வாங்க முடியாது என்று ஆணையை நீட்டிவிடுகிறான். வில்லியம்ஸ் உயிர் பிழைத்தது அவனால். பில்லி கில்பேர்ட் என்ற நகைச்சுவை நடிகர் சில நிமிடங்களே வந்துபோகும் அந்தப் பாத்திரம் இல்லாவிட்டால், வில்லியம்ஸ் காலையில் தூக்கில் தொங்கியிருப்பான். பேர்ன்ஸ் அதற்கும் ஒரு சிறப்புப் பதிப்பு போட்டிருப்பார். ஆணை கிடைத்தபிறகு அதை வைத்து அவர்கள் செய்வதும் தங்கள் விலங்கைக் கழற்றிக்கொள்வதுதான்.

ஆகவே இது பத்திரிகைக்கு ஆதரவா எதிரா என்று கேட்டால், இரண்டும் இல்லை என்பேன். உண்மை வெளிவருகிறது, அதை வெளிக்கொணர்ந்த பெருமை பத்திரிகைக்கு உரியதன்று. இந்த இடத்தை மாணவர்கள் காணத் தவறினால் படத்தை வெறும் கலகலப்பாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னும் ஒரு காட்சி. படம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்க, ஒரே ஓரிடத்தில் அது நின்று மூச்சு விடுகிறது. சிறைக்காவலனுக்குப் பணம் கொடுத்துவிட்டு உள்ளே போகும் ஹில்டி, கூண்டுக்குள் இருக்கும் வில்லியம்சின் அருகில் அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசுகிறாள். வேலை இழந்து பூங்காக்களில் சொற்பொழிவு கேட்டுத் திரிந்தவன் அவன். பொருள்கள் பயன்படுத்துவதற்காகவே உற்பத்தி செய்யப்படுகின்றன என்று அங்கே ஒருவர் பேசியதை அவன் நினைவுகூர்கிறான். அப்படியானால் துப்பாக்கி எதற்காகச் செய்யப்பட்டது என்று ஹில்டி மெதுவாக எடுத்துக் கொடுக்கிறாள். சுடுவதற்கு என்று அவனே சொல்லிக்கொள்கிறான், ஏதோ புதிர் விடுபட்டதுபோல. பார்க்கிற நமக்கு அவள் இரக்கமுள்ளவள் என்று தோன்றுகிறது. இரக்கம் இருப்பதும் உண்மை. ஆனாலும் அந்த விளக்கம் அவனுடையதா, அவள் அவன் வாயில் வைத்ததா? பதிலைக் கேள்வியிலேயே ஊட்டிவிடும் நேர்காணல் என்று இதைத்தான் எங்களுக்குப் பயிற்சியில் எச்சரித்தார்கள். அதன் பிறகு அவள் எழுதும் கட்டுரையை மற்ற நிருபர்கள் திருட்டுத்தனமாக எடுத்து வாசித்து வியந்து நிற்கிறார்கள். படமும் அவர்களோடு சேர்ந்து வியக்கிறது. நான் வியக்கவில்லை.

மொலி மலோயைப் பற்றி இங்கு ஒருவரும் எழுதவில்லை, அதுவும் எனக்கு உறுத்துகிறது. வில்லியம்சுக்கு ஒரு மழை நாளில் இரக்கம் காட்டியவள் அவள். நிருபர்கள் அவளை அவனுடைய காதலியாக்கித் தங்கள் பத்திரிகைகளில் எழுதி அவமானப்படுத்தியிருக்கிறார்கள். அந்த அறைக்கு வந்து அவள் அழுது கேட்கும்போது அவர்கள் சீட்டாடிக்கொண்டே இருக்கிறார்கள். பின்னர், வில்லியம்ஸ் ஒளிந்திருக்கும் இடத்தை அவர்கள் நெருக்கிக் கேட்கத் தொடங்கியதும், அவர்கள் கவனத்தைத் திருப்புவதற்காக அவள் யன்னலால் குதித்துவிடுகிறாள். அறை ஒரு கணம் உறைகிறது. உடனே எல்லோரும் வெளியே ஓடுகிறார்கள், பேர்ன்ஸ் மேசையின் பக்கம் திரும்புகிறார், நகைச்சுவை தொடர்கிறது. பழைய நாடகத்திலிருந்து வந்த இந்தக் கட்டத்தை ஹோக்ஸ் மென்மையாக்கவில்லை; ஆனால் அவள் வீழ்ந்ததன் பாரத்தைச் சுமக்கவும் அவருடைய படத்துக்கு நேரமில்லை. நல்லூர் வாசகி அக்கா, உங்கள் பார்வையாளர்கள் சிரிப்பை நிறுத்திக்கொள்ளும் இடம் இதுவாகத்தான் இருக்கும். நிறுத்தட்டும்.

ஹில்டியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அந்த அறையிலே மிகத் திறமையான நிருபர் ஒரு பெண் என்று 1940இல் ஒரு படம் எந்த விவாதமும் இன்றி எடுத்துக்கொள்கிறது. மற்ற ஆண் நிருபர்களும் அதை மறுப்பதில்லை. தப்பியோடிய சிறை அதிகாரியைத் துரத்திப் பிடித்து, பாவாடையோடு தெருவில் பாய்ந்து வீழ்த்திச் செய்தி வாங்கும் காட்சியில் ரொசலின்ட் ரசலைப் பார்க்கும்போது எழுந்து கைதட்டத் தோன்றும். அவர் அந்தப் பாத்திரத்துக்கு முதலாவது தெரிவன்று. பெயர்பெற்ற நடிகைகள் பலர் மறுத்தபின்பே அவருக்குக் கிடைத்தது. தம் வசனங்களைக் கூர்மையாக்கத் தாமே சொந்தப் பணத்தில் ஓர் எழுத்தாளரை அமர்த்தியிருந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். இவ்வளவு கெட்டிக்காரியான பெண்ணுக்குப் படம் தருகிற முடிவு என்ன? மறுபடியும் பேர்ன்சை மணக்கச் சம்மதிக்கிறாள். தேனிலவுக்கு நயாகராவுக்குப் போவதாக இருந்தவர்கள் அல்பனியில் நடக்கும் வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதப் போகிறார்கள். அவர் முன்னால் நடக்க அவள் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போகிறாள். அல்பனியில் தங்குவதற்கு புரூஸ் இடம் தருவானா என்று பேர்ன்ஸ் கேட்பதற்குத் திரையரங்கே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவள் அழுத காரணத்தை மறந்து சிரிக்க முடியவில்லை. அவர் தன்னை உண்மையிலேயே போகவிட்டுவிட்டார் என்று எண்ணித்தான் அவள் அழுதாள்.

மறுமொழி: பழைய ஒப்புநோக்காளர்

பிள்ளை, பெட்டிபோனைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அந்த ஊழியன் இல்லாமல் கதை முடியாது. ஆயினும் அவன் ஆணையை நீட்டிய அறை எது? நகரபிதாவும் ஷெரிப்பும் தனியாக இருந்தபோது அவன் கொண்டுவந்த ஆணையைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, எதையும் அச்சில் ஏற்றக்கூடிய இருவர் அங்கே விலங்கோடு நின்றார்கள். அப்போது மறைக்க முடியவில்லை. நான் சொன்னது அவ்வளவுதான். யோக்கியதையைப் பற்றி நான் பேசவில்லை.

ஹில்டி பெட்டி சுமப்பதைப் பற்றி உங்களோடு வாதாட மாட்டேன். அவளுக்கு அல்பனியில் புரூசோடும் அவன் தாயாரோடும் ஒரு வாழ்க்கை காத்திருந்தது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். புரூஸ் நல்லவன்தான், ஆனால் மாலை முழுவதும் காப்புறுதியைப் பற்றியே பேசுவான்.

மறுமொழி: கொட்டடிக் கமரா

நல்லூர் வாசகி அக்காவின் உபதலைப்புச் சிக்கலுக்கு மட்டும் என்னால் விடை சொல்ல முடியும். மேலே இருவரும் நடத்துகிற வழக்கில் நான் தலையிடவில்லை.

இந்தப் படத்தின் வேகம் தற்செயலாக வந்ததன்று. சாதாரண மனிதர்கள் உண்மையில் பேசும்போது ஒருவரையொருவர் முந்திக்கொள்கிறார்கள் என்று ஹோக்ஸ் நம்பினார். அதனால் வசனங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் தேவையற்ற சொற்களை வேண்டுமென்றே சேர்த்து எழுதச் செய்தார். ஒருவர் முடிக்குமுன் மற்றவர் தொடங்கும்போது மேலெழுந்து மறைவது இந்தத் தேவையற்ற சொற்கள்தாம். நடுவில் உள்ள செய்தி காதில் விழுந்துவிடும். அக்காலத்தில் ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்து பின்னர் வசதியாகக் கலக்கும் நிலை இருக்கவில்லை. படப்பிடிப்புத் தளத்தில் பல ஒலிவாங்கிகளை வைத்து, யார் பேசுகிறாரோ அவருக்குரியதைத் திறந்தும் மற்றவற்றை மூடியும் ஒலிப்பதிவாளர் வேலை செய்ய வேண்டியிருந்தது. முடிவுக்கு வரும்வரை பின்னணி இசையும் ஏறத்தாழ இல்லை. பேச்சுத்தான் இசை.

ஆகவே, அக்கா, எல்லா வரியையும் மொழிபெயர்க்க வேண்டாம். ஹோக்சே இழப்பதற்கென்று எழுதி வைத்த சொற்களை நீங்களும் இழந்துவிடுங்கள். ஒவ்வொரு பேச்சிலும் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, இரண்டு வரிக்கு மேற்படாமல் எழுதி, இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் கதையை நகர்த்துகிறவருடைய பேச்சை மட்டும் இடுங்கள். மற்றவர் கத்துகிறார் என்பது முகத்திலேயே தெரியும். 92 நிமிடப் படம் இது. முழுவதையும் எழுதினால் பார்வையாளர்கள் திரையின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், கேரி கிராண்டின் கண்களைப் பார்க்க மாட்டார்கள். அந்த மனிதர் பொய் சொல்வதற்கு முன் கண்ணால் ஒரு முன்னறிவித்தல் தருகிறார், அதைக் காணாவிட்டால் படம் பாதி.

சில பகிடிகளை விட்டுவிடத்தான் வேண்டியிருக்கும். புரூஸ் எப்படி இருப்பான் என்று கேட்டதற்கு, படத்தில் நடிக்கிறாரே றால்ப் பெலமி, அவரைப்போல என்கிறார் பேர்ன்ஸ். புரூசாக நடிப்பவரே றால்ப் பெலமி. இன்னோரிடத்தில் தம்மை மிரட்டுகிறவர்களிடம், இப்படிக் கடைசியாகச் சொன்ன ஆர்ச்சி லீச் தன் கழுத்தை அறுத்துக்கொண்டான் என்கிறார். கேரி கிராண்டின் இயற்பெயர் ஆர்ச்சிபால்ட் லீச். இவற்றைத் திரையில் விளக்க முடியாது. படத்துக்கு முன்னான அறிமுகத்தில் சொல்லிவிட்டால் மாணவர்கள் காத்திருந்து சிரிப்பார்கள். கறுப்பின மக்களைப் பற்றிய அக்கால அமெரிக்க மனநிலை வெளிப்படும் பேச்சுகளும் உண்டு. கொல்லப்பட்ட காவலர் கறுப்பினத்தவர் என்பதும், நகரபிதா அந்த மக்களின் வாக்குக்காகவே தூக்குத்தண்டனையை அவசரப்படுத்துகிறார் என்பதும் கதைக்கு அத்தியாவசியமானவை. ஆகவே அந்த இடங்களை மழுப்பாமல் மொழிபெயர்க்க வேண்டும்.

பிரதியைப் பற்றி ஒரு குறிப்பு. அமெரிக்காவில் இந்தப் படத்தின் பதிப்புரிமை உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டது. மூல நாடகமும் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே பொதுவுடைமையாகிவிட்டது. அதனால் இணையத்தில் எண்ணற்ற பிரதிகள் கிடக்கின்றன, அவற்றுட் பல மங்கலானவை, ஒலி கரகரப்பானவை. வேறு எந்தப் படமென்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் படத்தில் ஒலி தெளிவில்லாவிட்டால் எதுவுமே இல்லை. கிறைற்றீரியன் நிறுவனம் 2017இல் வெளியிட்ட புளூரே வட்டில் மீட்டெடுக்கப்பட்ட பிரதியும், கூடவே 1931ஆம் ஆண்டின் முதற்படமும் உள்ளன. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். வாசிகசாலையின் ஒலிபெருக்கியையும் முன்கூட்டியே இயக்கிப் பாருங்கள். கோயில் திருவிழாவுக்கு வைப்பதுபோல் பெரிய பெட்டிகள் வேண்டாம், எதிரொலித்தால் பேச்சு குழம்பிவிடும். பேச்சுக்குரிய சிறிய பெட்டிகள் இரண்டு போதும்.

இது பாரமாக இருக்கும் என்று இன்னும் எண்ணினால், அதே பென் ஹெக்ட் எழுதிய "நத்திங் சேக்ரட்" (1937) இருக்கிறது. சாகப்போகிறாள் என்று நம்பப்படும் ஓர் இளம்பெண்ணை நியூயோர்க்குக்கு அழைத்து வந்து ஒரு பத்திரிகை நகரத்தையே கண்ணீர் விட வைக்கும் கதை. வண்ணப்படம், பேச்சும் நிதானமாக இருக்கும். தூக்குமேடை இல்லை. ஆனால் என் வாக்கு ஹோக்சுக்குத்தான்.

வினவியவர்: நல்லூர் வாசகி

மூவருக்கும் நன்றி. ஹோக்சின் படத்தையே திரையிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். முன்வரிசையில் அமரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கதையைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டேன். ஆணையை மறைக்கும் கட்டத்தைச் சொன்னதும், "அந்தத் தூதனுக்கு என்ன உத்தியோகம் கொடுப்பதாகச் சொன்னார்கள்?" என்பதுதான் அவருடைய முதற்கேள்வி. அதன்பின் எனக்குப் பயம் போய்விட்டது.

உபதலைப்பு வேலையைக் கொட்டடித் தம்பி சொன்ன வழியில் மீண்டும் தொடங்கியிருக்கிறேன். மாணவர்களுடன் படத்தின் பின்னர் பேசுவதற்குச் சிறைக்கூண்டு நேர்காணலையும் தொலைபேசிக் காட்சியையும் திரும்பப் போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன். பலாலி வீதி அவர்கள் அன்றைக்கு வந்து அந்தப் பகுதியை நடத்தித் தருவீர்களா? ஒப்புநோக்காளர் ஐயாவையும் அழைக்கிறேன். இருவரும் நேருக்கு நேர் வாதாடினால் எங்களுக்குத் தனியாக ஒரு நிகழ்ச்சி தேவைப்படாது.

மறுமொழி: பலாலி வீதி

வருகிறேன் அக்கா. ஒரு வேண்டுகோள்: தொலைபேசிக் காட்சியைத் திரும்பப் போடும்போது முதலில் உபதலைப்பு இல்லாமல், வில்லியம்ஸ் மேசையிலிருந்து வெளியே எடுக்கப்படும் பகுதியை மட்டும் காட்டி நிறுத்துங்கள். மாணவர்கள் ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தனித்தாளில் மூன்று வரியில் செய்தியாக எழுதட்டும். தாள்களைச் சேர்த்தபின் மிகுதியைப் போடலாம். ஐயாவும் ஒரு தாள் எழுத வேண்டும், நானும் எழுதுவேன்.

மறுமொழி: பழைய ஒப்புநோக்காளர்

எழுதுகிறேன். தாள்களை ஒப்புநோக்குவதும் என் பொறுப்பு. பத்திரிகையின் பெயரை முதற்பந்தியிலேயே போடுவேன் என்பதை இப்போதே அறியத் தருகிறேன்.